மாவுப்பூச்சி வந்த வழி

காமாக்ஷியின் செடிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானை வண்டியில் மயிலாப்பூர் வந்து சேர்ந்தன. டிரைவருக்குப் பக்கத்தில் காமாக்ஷியே மடியில் ஒரு ஆந்தூரியம் தொட்டியோடு உட்கார்ந்து வந்தாள். லஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வண்டி திரும்ப முடியாமல் திணறியபோது, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் கூடைக்காரியை ஒதுங்கச் சொன்னாள். கூடைக்காரி ஒதுங்கவில்லை. மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜலஜாவுக்குக் கூடைக்காரியை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஜலஜா பல் டாக்டர். கச்சேரி ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தாள். காமாக்ஷி அவளுடைய கணவன் சுந்தரராமனின் அக்கா. அடையாறு காந்தி நகரில் தனி வீடு. மகள் ஷ்ரேயாவுக்கு லண்டனில் பிரசவம் என்று ஆறு மாசம் போய் இருக்கப் போகிறாள். ஜலஜா வீட்டுப் பால்கனி கண்ணாடி போட்டு அடைத்தது, கிழக்கு வெயில் வருவது, அதனால் செடிகள் அங்கேதான் இருக்க வேண்டும் என்று தானாகவே முடிவு செய்து தம்பிக்கு ஃபோனில் தெரிவித்துவிட்டாள். தம்பி சரி என்றான். அக்கா எது சொன்னாலும் சுந்தரராமன் சரி என்பான். பிறகு அதை ஜலஜாவிடம், தனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஊர்ச் செய்தி மாதிரி சொல்வான். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படித்தான் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குரோட்டன், ஆந்தூரியம், ஜேடு, கோலியஸ், பெயரே வாயில் நுழையாத இன்னும் பல. இலைகள் எல்லாம் பளபளவென்றிருந்தன. தொட்டிகளை வரிசையாக வைக்கச் சொல்லிவிட்டு, காமாக்ஷி ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு ஜலஜாவுக்கு வகுப்பெடுத்தாள்.

"உனக்குச் செடின்னா கொத்தமல்லிதான் தெரியும். அதனால நான் சொல்றதை அப்படியே பண்ணு. உன் மூளையை உபயோகிக்காதே."

பெரிய ஹோயாவை மட்டும் அவள் கொண்டுவரவில்லை. மெழுகில் வார்த்தது போலப் பூக்கிற கொடி அது. காமாக்ஷி வீட்டுக்கு யார் போனாலும் காப்பிக்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். அதை ஜலஜாவை நம்பி விடுவதற்கில்லை என்று அவள் வெளிப்படையாகவே சொன்னாள். வாட்ச்மேன் தண்ணீர் விட்டுக்கொள்வானாம்.

மூன்று வாரம் போயிருக்கும். வீட்டு வேலைக்கு வரும் வேலம்மா பால்கனியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஜலஜாவைக் கூப்பிட்டாள்.

"இன்னா டாக்டரம்மா, தரையெல்லாம் இப்டி பிசுபிசுன்னு கீது? பாயசம் எதுனா கொட்டிட்டீங்களா?"

ஜலஜா குனிந்து பார்த்தாள். குரோட்டன் தொட்டிக்கு அடியில் தரை சர்க்கரைப் பாகு காய்ந்த மாதிரி மின்னியது. சுவரோரமாக எறும்புகள் சாரிசாரியாகத் தொட்டியின் மேல் ஏறிக்கொண்டிருந்தன. இலையைத் திருப்பினாள். காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சைப் பிய்த்து அடைத்தது போல வெள்ளையாக ஏதோ இருந்தது. பல்லைக் குத்திப் பார்க்கும் வளைந்த ஊசியைக் கொண்டுவந்து அதை நெம்பினாள். பஞ்சு பிரிந்தது. உள்ளேயிருந்து வெள்ளை மாவில் புரட்டி எடுத்தாற்போல ஒரு ஜந்து நிதானமாக வெளியே வந்தது. நசுக்கியபோது விரலில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக்கொண்டது.

தினமும் இரண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர் என்று சத்தியம் செய்யும் ஆசாமியின் கடைவாயைத் திறந்து பார்க்கும்போது ஜலஜாவுக்கு என்ன தோன்றுமோ, அதேதான் இப்போதும் தோன்றியது.

அன்று மாலை வீடியோ காலில் காமாக்ஷியிடம் காட்டினாள். காமாக்ஷி பார்க்கவேயில்லை. வெள்ளையாக இருந்தால் பூச்சியா, அந்த குரோட்டனின் ஜாதியே அப்படி என்றாள். ஊர்வதை ஜலஜா கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும், அது மயிலாப்பூர்க் காற்றில் வந்திருக்கும் என்றாள். இந்த வீட்டில் இதற்கு முன் ஒரு செடிகூட இருந்ததில்லையே என்று ஜலஜா கேட்டாள்.

"ஏன், கொத்தமல்லி வாங்கறே இல்லையா?" என்றாள் காமாக்ஷி.

புளித்த மோரில் பெருங்காயத்தைக் கரைத்து வாரம் ஒரு தரம் ஊற்றினால் போதும், எல்லாம் ஓடிவிடும் என்று வைத்தியமும் சொன்னாள். கூடக் கொஞ்சம் கறிவேப்பிலை போட்டால் பூச்சிக்குச் சாப்பாடே ஆகிவிடும் என்று ஜலஜா நினைத்துக்கொண்டாள். ஃபோனை வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

பூச்சி பிடித்ததையும் பிடிக்காததையும் முதலில் பிரித்தாள். பிடித்தவை குளியலறைக்குப் போயின. சுந்தரராமன் துண்டும் கையுமாக வந்து, ஆந்தூரியங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான். கேட்டால் பதில் வருமே என்ற பயம். கிளினிக்கிலிருந்து சர்ஜிகல் ஸ்பிரிட் கொண்டுவந்து தண்ணீர் கலந்து, ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு இலையில் தடவி, மறுநாள் வரை இலை கருகுகிறதா என்று பார்த்தாள். கருகாத செடிகளில், காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து இடுக்கு இடுக்காகத் துடைத்தெடுத்தாள். பற்களின் பின்பக்கத்தைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இலைக்கு அடியில் பிடித்தால் ஒளிந்திருப்பதெல்லாம் தெரிந்தது. அளவுக்கு மீறிப் போன கிளைகளை வெட்டி, பாலிதீன் பையில் போட்டு, முடிச்சுப் போட்டபிறகே வெளியே அனுப்பினாள். அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டால் அவை நடந்து திரும்பி வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. போய்ச் சேர்ந்த வீட்டை விட்டுக் கிளம்பாத குணம் அந்தக் குடும்பத்துச் செடிகளில் இருந்த பூச்சிக்கும் இருக்கத்தானே செய்யும்.

வெயில் தாழ்ந்ததும் வேப்பெண்ணெயும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவமும் கலந்த தண்ணீரை இலைகளின் அடியில் படும்படி பீச்சினாள். ஒரு தரம் செய்தால் போதாது. முட்டைகள் பொரிந்து புதுக் குஞ்சுகள் கிளம்பும். ஆகவே வாராவாரம். வீடே வேப்பெண்ணெய் நாறியது. நீங்கள் ஒரு கை கொடுக்கலாமே என்று சுந்தரராமனிடம் கேட்டதற்கு, அக்காவின் செடியைத் தான் தொட்டால் அக்கா கோபித்துக்கொள்வாள் என்றான்.

எவ்வளவு துடைத்தும் ஒரு குரோட்டன் வாடிக்கொண்டே போயிற்று. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தாள். வேர் முழுக்க அரிசி மாவு தூவியது போல இருந்தது. மற்ற தொட்டிகளையும் கவிழ்த்தாள். சிலவற்றின் வேரைக் குழாயடியில் மண் போகக் கழுவிப் புது மண்ணில் வைத்தாள். இரண்டைத் தூக்கிப் போட்டாள். அப்போதுதான் கவனித்தாள். தொட்டிகளின் விளிம்புக்குக் கீழே, பார்வைக்குப் படாத உள்பக்கத்தில், சுற்றிலும் எறும்பு சாக்பீஸ் கோடு. ஒரு கோடு அல்ல, அழிய அழியப் போட்ட பல கோடுகள். வந்த அன்று இலைகளில் பார்த்த பளபளப்பும் தேங்காய் எண்ணெய். மேல்பக்கம் மட்டும்தான் தடவியிருந்தது.

ஜலஜா குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்தாள். பூச்சி சுரக்கும் பாகைத் தேடித்தான் எறும்பு வரும். எறும்பைத் தடுக்கக் குனிந்து கோடு போட்ட காமாக்ஷிக்குப் பூச்சி கண்ணில் படாமல் இருந்திருக்காது. தெரிந்தே மேலே எண்ணெய் தடவி, கீழே கோடு போட்டு, வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். மண்டுவாக இருந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம் என்று ஜலஜாவுக்குத் தோன்றியது. இது மண்டுத்தனம் இல்லை.

காமாக்ஷி திரும்பி வந்தபோது பிழைத்த செடிகள் சுத்தமாக இருந்தன. ஜலஜா தானே வண்டி பிடித்து அவற்றை அடையாறுக்குக் கொண்டுபோனாள். காமாக்ஷி வீட்டில் செடிகளுக்கென்று ஒரு கண்ணாடி அறை உண்டு. முன்னொரு தரம் லண்டன் போனபோது சம்பந்தி வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து கட்டியது. லண்டன்காரர்கள் கிடைக்கிற கொஞ்ச வெயிலைப் பிடித்து வைக்கக் கண்ணாடி அறை கட்டுகிறார்கள். காமாக்ஷி சென்னையில் அதைக் கட்டி, செடி வெந்துபோகிறதென்று மேலே பச்சை வலை விரித்து, புழுக்கத்துக்கு இரண்டு டேபிள் ஃபேனும் வைத்திருந்தாள். அந்த அறையின் நடுவில் பெரிய ஹோயா தொங்கியது. கொடியின் கணுவுக்குக் கணு வெள்ளை.

"அக்கா, இதை முதல்ல வெளியில எடுத்து வையுங்கோ. இதுக்குப் பக்கத்துல அதுகளை வெச்சா நான் பட்ட பாடெல்லாம் வீண்."

"நீ பல்லைப் பாரு, போதும்," என்றாள் காமாக்ஷி.

இரண்டு வாரம் கழித்து, அக்கம்பக்கத்துத் தோட்டப் பிரியைகளின் மாதக் கூட்டம் அந்தக் கண்ணாடி அறையிலேயே நடந்தது. ஜலஜாவும் வர வேண்டும் என்று காமாக்ஷி தம்பி மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். பட்டும் லினனுமாகப் பத்துப் பதினைந்து பேர் வியர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அனுப்ரியா என்று ஒரு இளம்பெண், அந்தக் குழுவின் வீடியோக்களைக் கவனித்துக்கொள்பவள், ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி நேரலையில் படம் பிடித்தாள். காமாக்ஷியின் பேச்சு மாவுப்பூச்சியைப் பற்றித்தான். லண்டனிலிருந்து ஃபோன் வழியாகவே தன் செடிகளை எப்படிக் காப்பாற்றினேன் என்று அவள் விவரித்தாள். மோரும் பெருங்காயமும் வந்தன. பிறகு ஜலஜா பக்கம் கையைக் காட்டினாள்.

"என் தம்பி ஆம்படையா. பாவம், ஒண்ணும் தெரியாது. நான் அங்கேர்ந்து சொல்லச் சொல்ல இவ பண்ணினா. கை மட்டுந்தான் இவளோடது."

எல்லோரும் கை தட்டினார்கள். ஜலஜா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஸ்பிரிட் பட்டுப் பட்டு விரல் நுனிகள் உரிந்திருந்தன. இதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். ஆனால் பேச்சு முடிந்ததும் காமாக்ஷி ஹோயாவிலிருந்து வெட்டிய துண்டுகளைப் பிளாஸ்டிக் கப்புகளில் வைத்து ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கப்பும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும்.

ஜலஜா எழுந்தாள். டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்த ஊசியை எடுத்தாள். இதற்காகவேதான் கொண்டுவந்திருந்தாள். அனுப்ரியாவின் கையிலிருந்த கப்பை வாங்கி, இலை இடுக்கைக் கீறி, அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் விரித்த டிஷ்யூவின் மேல் தட்டினாள். வெள்ளை மேல் வெள்ளை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அது நகர்ந்தது.

"இதை ஆத்துக்குக் கொண்டு போகாதீங்கோ. மத்த செடிக்கெல்லாம் ஏறும். இந்த ஹோயாவை யாரும் தொட்டு வைத்தியம் பண்ணலை," என்றாள் ஜலஜா.

காமாக்ஷியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அனுப்ரியா டிஷ்யூவைக் கீழே போட்டுவிட்டு, தாழ்ந்த குரலில், "ஆன்ட்டி, லைவ் போய்ட்டிருக்கு. நெகட்டிவா வேண்டாமே," என்றாள். ரசாயனம் இல்லாத செடி என்றால் ஒன்றிரண்டு பூச்சி இருக்கத்தான் செய்யும் என்று ஒரு அம்மாள் சமாதானம் சொன்னாள். பூச்சி வந்தால் செடி திடமாக இருக்கிறது என்று அர்த்தம் என்றாள் இன்னொருத்தி. பெரியவர்களை நாலு பேர் நடுவில் இப்படிப் பேசலாமா என்று மூன்றாமவள் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது ஜலஜா காதில் நன்றாக விழுந்தது. ஒருத்தியும் கப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சிலர் இரண்டு எடுத்துக்கொண்டார்கள். இலவசம் என்றால் மாவுப்பூச்சியையும் மடியில் கட்டிக்கொண்டு போகும் கூட்டம் என்று ஜலஜா மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தட்டில் வைத்த போண்டாவைத் தொடாமல் கிளம்பி வந்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது சுந்தரராமன், அக்கா அழுதாளாம் என்றான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் குறைந்தா போவாய் என்றும் கேட்டான்.

"பூச்சி இருந்துதா, இல்லையா?"

"இருந்துது. இருந்தாலும்..."

அவனிடம் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது ஜலஜாவுக்குத் தெரியும். ரசத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

மழை தொடங்குவதற்குள் ஃபோன்கள் வர ஆரம்பித்தன. ஒரு வீட்டில் மணி பிளான்ட், இன்னொரு வீட்டில் ஆர்க்கிட், அனுப்ரியா வீட்டில் படுக்கையறைச் செடிகள் அத்தனையும். அழைத்தவர்கள் யாரும் கப்பைப் பற்றிப் பேசவில்லை. குழுவில் அதற்கு மயிலாப்பூர்ப் பூச்சி என்று பெயர் வைத்திருப்பதாகவும், ஜலஜா வீட்டிலிருந்துதான் பரவியது என்று பேசிக்கொள்வதாகவும் ஒருத்தி நல்லது செய்வது போலச் சொன்னாள். என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் ஜலஜா ஒரே பதிலைத்தான் சொன்னாள். மோரும் பெருங்காயமும் விடுங்கள், காமாக்ஷி மாமி சொன்னாளே. அப்படிச் சொல்லும்போது தன் குரல் இனிப்பதை அவளே கவனித்தாள். அது அல்பத்தனம் என்பதும் தெரிந்தது. ஆனாலும் மூன்று நாள் அந்த இனிப்பு நாக்கில் இருந்தது. நாலாவது நாள் அனுப்ரியா மறுபடி அழைத்துக் கிட்டத்தட்ட அழுதபோது மட்டும் ஸ்பிரிட், பஞ்சுக் குச்சி எல்லாவற்றையும் ஒரு தரம், வேகமாக, ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு வைத்தாள்.

அதற்கடுத்த வாரம் காலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் காமாக்ஷி. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய பெரிய மூட்டை. மேலே ஹோயாவின் கொடி ஒன்று எட்டிப் பார்த்தது.

"உங்காத்துல வெயில் நன்னா வரது. கொஞ்ச நாள் இருக்கட்டும்," என்றாள், எதுவும் நடக்காதது போல.

ஜலஜா வாசற்படியில் குறுக்கே நின்றாள். நீங்கள் வரலாம், அது வரக் கூடாது என்றாள். காமாக்ஷி உள்ளே பார்த்தாள், தம்பி இருக்கிறானா என்று. சுந்தரராமன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

ஜலஜா மாடிப்படி முகப்பில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களைப் போட்டாள். ஸ்பிரிட்டையும் பஞ்சுக் குச்சிகளையும் காமாக்ஷியின் மடியில் வைத்தாள். நானா, என்று கேட்டாள் காமாக்ஷி. நீங்கள்தான், என்றாள் ஜலஜா. கண் தெரியவில்லை என்று அவள் சாக்குச் சொன்னதும், பல் பார்க்கும்போது தான் நெற்றியில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கியைக் கொண்டுவந்து காமாக்ஷியின் தலையில் மாட்டி, பட்டையை இறுக்கினாள்.

காமாக்ஷி குனிந்து ஒரு கணுவைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டாள்.

"நடக்கறதுடி."

"நடக்காம? தொடைங்கோ."

காமாக்ஷி பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்தாள். எறும்பு சாக்பீஸ் போட்டது நீங்கள்தானே என்று ஜலஜா கேட்டாள். இரண்டு கணு துடைத்து முடித்த பிறகு காமாக்ஷி, தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"சம்பந்தி அவ கண்ணாடி ரூமைக் காட்டிண்டு நிக்கறச்சே, உங்க ஊர்ல இதெல்லாம் வருமான்னு கேட்டா. ஷ்ரேயாவும் சேர்ந்துண்டு சிரிச்சா. வந்து கட்டினேன். கட்டி ஒரு வருஷத்துல இது வந்துடுத்து. யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

ஜலஜாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் இரக்கம் வந்துவிடவில்லை. லண்டனில் ஒருத்தி சிரித்ததற்கு மயிலாப்பூரில் ஒருத்தியின் விரல் உரிய வேண்டுமா என்று நினைத்தாள்.

"அதனால மேல எண்ணெய் தடவி எனக்கு அனுப்பிச்சேளாக்கும்," என்றாள்.

காமாக்ஷி அடுத்த கணுவுக்கு நகர்ந்தாள். கொடியின் முக்கால் பாகம் துடைத்துப் பிழைக்க வைக்கிற நிலையில் இல்லை, வெட்ட வேண்டும் என்று ஜலஜா கத்தரியை நீட்டினாள். நீயே வெட்டிவிடேன் என்று காமாக்ஷி கெஞ்சினாள். ஜலஜா கத்தரியை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் காமாக்ஷி வாங்கி, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, வெட்டினாள். பாலாக வடிந்தது. வெட்டியதை ஜலஜா பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். மிஞ்சியது ஒரு தண்டும் ஏழெட்டு இலைகளும்.

"அடுத்த வாரம் திரும்பக் கொண்டு வாங்கோ. முட்டை பொரிக்கும்."

"நீயே வெச்சுக்கப்படாதா?"

"படாது."

காமாக்ஷி முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். அடுத்த வாரம் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். காப்பி கொடுத்தாள் ஜலஜா. சர்க்கரை போதாது என்றாள் காமாக்ஷி. ஒரு நாள் பேச்சுவாக்கில், மற்ற தொட்டிகளையும் வீட்டில் தானே கவிழ்த்து வேரைப் பார்த்ததாகச் சொன்னாள். மறுதரம் ஜலஜா புது ஸ்பிரிட் பாட்டில் ஒன்றை அவள் பையில் போட்டு அனுப்பினாள்.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம், கிளினிக்கில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, அனுப்ரியா அனுப்பிய வீடியோ ஒன்று ஜலஜாவின் ஃபோனில் வந்தது. காமாக்ஷி ஹோயாவுக்குப் பக்கத்தில் நின்றாள். புதுத் துளிர் இரண்டு விட்டிருந்தது, கணுக்கள் சுத்தமாக இருந்தன. கொடியை அவ்வளவு கட்டையாக ஏன் வெட்டினீர்கள் என்று அனுப்ரியா கேட்க, இது லண்டனில் தான் கற்றுக்கொண்ட முறை என்று காமாக்ஷி கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நெற்றியில் புத்தம்புது உருப்பெருக்கி ஒன்று மாட்டியிருந்தாள். ஜலஜாவுடையதைவிட விலை உயர்ந்தது.

ஜலஜா கடைசி வரை பார்த்தாள். கோபம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. திருந்தாத பல்வரிசையைப் பார்த்தது போல உதட்டை லேசாகச் சுழித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, வெளியே காத்திருந்தவரை உள்ளே வரச் சொன்னாள்.